டேக் யுவர் டைம்

போன ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து அக்கா பொண்ணு போன் பண்ணியிருந்தா. ஊர்னா தா.பழூர். அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு வடகரை. "அதென்னய்யா 'தா'?"ன்னு கேக்காத ஃப்ரெண்டே எனக்குக் கிடையாது. திருச்சி பக்கம் இன்னொரு பழூர் இருக்கு, அதனால எங்க ஊரு இனிஷியல் போட்டுக்கிச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன் :-)

பாப்பா பிளஸ் டூ. இங்கிலீஷ்ல சந்தேகமாம்.

"மாமா, 'டேக் பிளேஸ்'னா நடக்கிறதுன்னு மிஸ் சொன்னாங்க. அப்ப 'டேக் யுவர் பிளேஸ்'னா உன்னை நடத்துறதா?"

சிரிப்பு வந்துடுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவ கேட்டதுல தப்பே இல்ல. மூணு இருக்கு இதுல. 'டேக் பிளேஸ்': கூட்டம் நடந்துச்சு, கல்யாணம் நடந்துச்சு. நடுவுல 'யுவர்' நுழைஞ்சா உன் இடத்துல போய் உக்காருன்னு ஆயிடுது. 'டேக் த பிளேஸ் ஆஃப்'னு பின்னாடி ஒரு வாலை ஒட்டினா ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வர்றது. நம்மூர்ல உழவு மாட்டுக்குப் பதிலா டிராக்டர் வந்துச்சே, அது. வினைச்சொல் அதேதான், 'பிளேஸ்' அதேதான். கூட யார் ஒட்டிக்கிட்டு வர்றாங்கங்கிறதுலதான் அர்த்தம் இருக்கு.

நமக்கு இது ஏன் உதைக்குதுன்னா, தமிழ்ல 'என், உன், அவன்' எல்லாம் அவ்வளவு செலவு பண்றதில்ல. "காலையில எழுந்து பல் தேய்ச்சேன், கை கழுவினேன், தலை சீவினேன்"னு சொல்லுவோம். "என் பல்லைத் தேய்ச்சேன்"னு எவனாவது சொன்னா, "பின்ன பக்கத்து வீட்டுக்காரன் பல்லையா தேய்ப்பே?"ம்பாங்க. இங்கிலீஷ்காரனுக்கு 'மை டீத்', 'மை ஹேண்ட்ஸ்'னு ஒவ்வொண்ணுக்கும் பட்டா வேணும்.

சரி, எல்லாத்துக்கும் பட்டா போட்டுட்டா போச்சுன்னு பாத்தா அங்கயும் ஒரு திருப்பம். ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார்னு வைங்க. தமிழ்ல இங்க 'என்' வேணும், இல்லன்னா யார் கைன்னு தெரியாது. இங்கிலீஷ்ல 'ஹி டுக் மீ பை த ஹேண்ட்'. 'மை ஹேண்ட்' இல்ல, 'த ஹேண்ட்'! 'மீ'ன்னு ஆளையே சொல்லியாச்சு, அப்புறம் கை யாருதுன்னு தனியா எதுக்குன்னு விட்டுடறான். தலையில அடிச்சான்னாலும் அப்படித்தான், 'ஹி ஹிட் மீ ஆன் த ஹெட்'. நாம விடற இடத்துல அவன் போடறான், நாம போடற இடத்துல அவன் விடறான்.

உறுப்புகளை வெச்சு வர்ற சொலவடைங்க இன்னும் வேடிக்கை. 'புல்லிங் மை லெக்'னா சும்மா கலாய்க்கிறது. அதையே அப்படியே தமிழ்ல 'காலை வாருறான்'னா, கூட இருந்தே கவுத்துட்டான்னு அர்த்தம். ஒரு வெள்ளைக்காரர் கேலி பண்ணினதை நம்மாளு துரோகமா எடுத்துக்கிட்டா அது மொழிபெயர்ப்பு பண்ணின வேலை. 'கிவ் மீ எ ஹேண்ட்'னா கொஞ்சம் ஒத்தாசை பண்ணு, 'கிவ் மீ யுவர் ஹேண்ட்'னா கையை நீட்டு. 'லூஸ் ஹார்ட்'னா மனசு விட்டுப் போறது. 'லூஸ் யுவர் ஹார்ட் டு' ஒருத்தர்னா காதல்ல விழறது. இன்டர்வியூவுல "அரியர் வெச்சப்ப மனசு தளர்ந்துட்டேன்"னு சொல்ல நினைச்சு ஒரு 'மை' சேர்த்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்குங்க :-)) அபூர்வமா சிலது ஒத்தும் போகுது. கைகழுவி விடறது ரெண்டு மொழியிலயும் கைகழுவி விடறதுதான். அதுக்கும் அவன் 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்'னு கடைசியில 'ஆஃப்' கேப்பான்.

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் பிடிபட்டது கும்பகோணத்துல பழைய புத்தகக் கடையில வாங்கின ஒரு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியால. அதோட மூலக்கதை தெரியுமோ? ஏ.எஸ்.ஹார்ன்பின்னு ஒருத்தர், ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியார். நம்மளை மாதிரியே முழிச்ச ஜப்பான் பசங்களுக்காக, இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு அகராதி செஞ்சார். 1942ல டோக்கியோவுல வந்துச்சு. 1948ல அதையே ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டுச்சு. வெறும் அர்த்தம் மட்டும் சொல்லாம, ஒரு வினைச்சொல் பின்னாடி என்னென்ன வரலாம்னு 25 வகையாப் பிரிச்சு நம்பர் போட்டார் மனுசன். வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு அது தேவையே இல்ல. நமக்குத்தான் தேவை.

அந்த அகராதியில 'ஒன்ஸ்', 'சம்படீஸ்'னு ரெண்டு வரும். 'ஒன்ஸ்'னா செய்யறவனோடதே. கோபப்பட்டா நம்ம 'டெம்பர்'தான் போகும், அடுத்தவனோடது போகாது. 'சம்படீஸ்'னா அடுத்தவனோடது. கலாய்க்கறது அடுத்தவன் காலைத்தான். இது தெரியாம பள்ளிக்கூடத்துல 'ஹி மேட் அப் ஒன்ஸ் மைண்ட்'னு அப்படியே எழுதி சிவப்பு மையில வட்டம் வாங்கினவன் நான். இப்ப வர்ற பதிப்புகள்ல 'ஒன்ஸ்'க்குப் பதிலா 'யுவர்'னே போட்டுடறாங்க. பசங்க பொழைச்சாங்க.

இவ்வளவும் பாப்பாகிட்ட சொன்னேன். அவளும் "ம்... ம்..."னு எழுதிக்கிட்டா. அப்புறம் கேட்டா, "அப்ப 'டேக் டைம்', 'டேக் யுவர் டைம்' ரெண்டும் வேறயா மாமா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல.

2004. சென்னையில முதல் வேலை, சேர்ந்து மூணு மாசம். தமிழ் மீடியம். ஆபீஸ்ல வாயைத் திறக்கவே பயம். மெயில் வந்தா மூணு தரம் படிப்பேன், அனுப்பறதுக்கு முன்னாடி ஆறு தரம் படிப்பேன். அப்பத்தான் ஒரு சுற்றறிக்கை வந்திருந்துச்சு, சொந்த வேலையெல்லாம் 'ஆன் யுவர் ஓன் டைம்' பாத்துக்கணும்னு. அதாவது ஆபீஸ் நேரத்துல கூடாது. மனப்பாடமே பண்ணி வெச்சிருந்தேன்.

அடுத்த வாரம் அப்பாவைக் கும்பகோணத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு போன். மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிட்டு ராத்திரி பஸ் பிடிக்கக் கிளம்பினேன். கிளம்பறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. மூணே வார்த்தை. 'டேக் யுவர் டைம்.'

எனக்கு அது எப்படிப் படிச்சுதுன்னா, "உன் நேரத்தை எடுத்துக்கோ, ஆபீஸ் நேரத்துல கை வைக்காதே." சனி, ஞாயிறு என்னோடது. திங்கக்கிழமை அவங்களோடது. அவ்வளவுதான் கணக்கு.

ரெண்டு நாள் இருந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பாவே, "வேலை போயிடப் போவுதுடா, கெளம்பு"ன்னார். கெளம்பிட்டேன். திங்கக்கிழமை காலையில மேனேஜர் என்னைப் பாத்துட்டு 'ஸோ சூன்?'னார். அதையும் கிண்டல்னு எடுத்துக்கிட்டு, 'ஸாரி சார்'னேன். அவர் ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டார். ஒன்பதாம் நாள் அப்பா போயிட்டார்.

ஆறு மாசம் கழிச்சு, பக்கத்து சீட்டு நண்பனோட தங்கச்சி கல்யாணம். அவனுக்கும் அதே மூணு வார்த்தை பதில் வந்துச்சு. அவன் பத்து நாள் கழிச்சு ஜாலியா மைசூர்பாகோட வர்றான். "திட்டலையாடா?"ன்னு கேட்டேன். "ஏன் திட்டணும்? அவசரமில்ல, மெதுவா வான்னுதானே சொன்னார்"னான். மைசூர்பாகைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்.

அவர் நல்ல மனுசன். மூணு வார்த்தையில எட்டு ஒன்பது நாளை எனக்குக் குடுத்திருக்கார். நான்தான் வாங்கிக்கத் தெரியாம வந்துட்டேன். 'ஆன்', 'ஓன்' ரெண்டும் அந்த மெயில்ல இல்லவே இல்ல. என் பயம்தான் அதுல இல்லாததைச் சேர்த்துப் படிச்சுது. யார்கிட்டயாவது "இதுக்கு என்னய்யா அர்த்தம்?"னு கேட்டிருந்தா அரை நிமிசம். வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்கல.

அக்காவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வேலை ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இதைப் படிச்சான்னா தெரிஞ்சுக்கட்டும்.

பாப்பாகிட்ட இதெல்லாம் சொல்லல. "ரெண்டும் வேற. 'டேக் டைம்'னா நேரம் பிடிக்கும். 'டேக் யுவர் டைம்'னா அவசரமே இல்ல, பைய வா"ன்னு மட்டும் சொன்னேன். "புரியலன்னா யார்கிட்ட வேணாலும் கேளு, எத்தனை தடவை வேணாலும் கேளு"ன்னும் சொன்னேன்.

"அதான் கேட்டுக்கிட்டே இருக்கேனே மாமா"ன்னு சிரிக்கிறா. அதுவும் சரிதான். எங்க தலைமுறைக்கு இல்லாத தைரியம்.

டிஸ்கி: உங்களுக்கும் இப்படி ஒரு 'மை', ஒரு 'ஆஃப்' தடுக்கி விட்ட கதை இருக்கும். எழுதுங்க மக்கா. ஒண்ணும் அவசரமில்ல.