சொல்லாமல் விட்ட ஒரு மாற்றம்

விமானங்களை மோதாமல் காப்பது ரேடார் திரைதான் என்று வெளியிலிருக்கும் நாம் நம்புகிறோம். பெங்களூரு தேவனஹள்ளியில், கெம்பேகவுடா விமான நிலையத்தின் இணையான இரு ஓடுபாதைகளை வைத்து யோசித்தால் அந்த நம்பிக்கை அரைகுறை என்று தெரிகிறது. திரை விமானத்தைக் காட்டும். பக்கத்து கன்ட்ரோலர் எடுத்த முடிவைக் காட்டாது. அதை ஒருவர் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்ற இந்தத் தொழிலின் உயிர்நாடி அந்த இரண்டு வாக்கியங்கள்தான் என்பது என் முடிவு.

2022 ஜனவரி 7ஆம் தேதி காலை, இரண்டு ஓடுபாதைகளுக்குப் பதிலாக வடக்கு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்தார். செய்தி தெற்கு ஓடுபாதையைக் கவனிக்கும் தெற்கு டவருக்குப் போகவில்லை. தெற்கு டவர் கொல்கத்தா விமானத்துக்கும் வடக்கு டவர் புவனேஸ்வர் விமானத்துக்கும் சில நிமிட இடைவெளிக்குள் அனுமதி கொடுத்துவிட்டன. இரண்டும் இண்டிகோ விமானங்கள். மொத்தம் 426 பேர். மேலேறியவை ஒன்றையொன்று நெருங்கியபோது, அப்ரோச் ரேடாரில் இருந்தவர் கவனித்து வெவ்வேறு திசைகளில் திருப்பினார். இணை ஓடுபாதைகளிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பும் விமானங்களின் பாதைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலக வேண்டும் என்பது சர்வதேச விதி. மறுபக்கமும் ஒரு விமானம் கிளம்புகிறது என்று தெரியாதவர் எதிலிருந்து விலக்குவார்?

இப்படி எதுவும் தவறிவிடாதிருக்கவே டவரில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஸ்ட்ரிப் உண்டு. விரலகலப் பட்டையில் அழைப்புப் பெயர், விமான வகை, உயரம் எல்லாம் இருக்கும். கொடுத்த அனுமதியை அப்போதே அதில் குறிக்க வேண்டும். பல இடங்களில் காகிதம் போய்த் திரை வந்துவிட்டது, குறிக்கும் ஒழுங்கு மாறவில்லை. இருக்கையை ஏற்க வருபவர் முதலில் பின்னால் நின்று நடப்பதைக் கவனிக்கிறார். நினைவாற்றலை நம்பாத தொழில் இது.

விமானத்திலேயே மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே என்பார்கள். 1996இல் ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்ட பிறகு இந்தியா அதைக் கட்டாயமாக்கியது, சரியான முடிவு. ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அது ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. உயரத்திலும் அது போதாது என்பதற்கு 2002இல் ஜெர்மனியின் உபர்லிங்கன் வானில் நடந்த மோதல் சாட்சி. அந்த வானத்தைக் கவனித்த சூரிச்சில் அன்றிரவு ஒரே கன்ட்ரோலர்தான் இருக்கையில் இருந்தார். தொலைபேசி இணைப்பு பராமரிப்பில் கிடந்தது. ஆபத்தைத் திரையில் கண்ட கார்ல்ஸ்ரூ கன்ட்ரோலர்களால் அவரை எட்ட முடியவில்லை. ஒரு விமானத்தின் கருவி ஏறச் சொன்னது, சூரிச் கன்ட்ரோலர் இறங்கச் சொல்லியிருந்தார். 71 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் பெங்களூருவில் சொல்ல மறந்தவரைத் தண்டித்தால் போதாதா? போதாது. அந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை, மேலிடத்துக்கும் தெரிவிக்கப்படவில்லை என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே அப்போது சொன்னது. அந்த மறதியைவிட இந்த மௌனம்தான் எனக்கு அச்சம் தருகிறது. தண்டனை மட்டுமே காத்திருக்கும் இடத்தில் தவறை யார் எழுதிவைப்பார்கள்? பெங்களூருவின் வானமோ நெரிசலானது: தேவனஹள்ளியோடு ஹெச்ஏஎல் விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் பயிற்சித் தளம். ஓடுபாதை மாற்றம் எதுவானாலும், இரண்டு டவர்களும் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே அமலுக்கு வர வேண்டும். அதற்கு ஆகும் அரை நிமிடம் விமானங்கள் தரையிலேயே காத்திருக்கட்டும்.