ஆச்சியின் நாக்கும் ஆறு மில்லியும்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? பியூரெட் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டே நின்று, கடைசியில் பக்கத்து பேட்ச் ரீடிங்கை எழுதிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அதே டைட்ரேஷன் எங்க வீட்டு அடுக்களைக்கு வரும் என்று நினைக்கவே இல்லை.

எங்க ஊர் பாளையங்கோட்டை. கிறிஸ்மஸுக்கு ஆச்சிதான் ஒயின் போடுவாங்க. பன்னீர் திராட்சை, சீனி, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு. அளவுகோல் எல்லாம் நாக்குதான். ஒரு சொட்டைத் தொட்டு வைத்துவிட்டு, "இன்னும் நாலு நாள் கிடக்கட்டும்" என்பாங்க.

போன கிறிஸ்மஸில் பல் கூசுகிற அளவுக்குப் புளிப்பு. "சூப்பர் ஆச்சி" என்று எல்லாரும் பொய் சொன்னோம். மாமா தன் டம்ளரை முருங்கை மரத்தடியில் ஊற்றியதை ஆச்சி ஜன்னல் வழியா பார்த்துட்டாங்க. அன்று ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னாங்க: "ரெண்டு வருசமா எனக்குப் புளிப்பு, உப்பு ஒண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குல. இனி நான் போடல."

இந்த வருஷம் கெஞ்சிப் போட வைத்தேன். "நாக்கு வேலைய நான் பாத்துக்கிடுதேன் ஆச்சி" என்று வாக்கு வேறு கொடுத்தாச்சு.

பேனா மாதிரி இருக்கும் பிஹெச் மீட்டர் ஒன்று வாங்கி, 4, 7 பஃபரில் செட் பண்ணி, ஒயினில் வைத்தேன். 3.3. சரி, எவ்வளவு புளிப்பு? அந்த நம்பர் அதைச் சொல்லவில்லை! பிஹெச் என்ற அளவை 1909-இல் கொண்டுவந்தவர் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகம், கார்ல்ஸ்பெர்க். ஒயின் கெடாமல் இருக்குமா என்பதற்கு பிஹெச் முக்கியம். நாக்கு உணரும் புளிப்புக்கோ மொத்த அமிலம் எவ்வளவு என்று தெரியணும். திராட்சையில் அது பெரும்பாலும் டார்டாரிக், மாலிக். அதற்கு டைட்ரேஷன்தான் வழி.

முதல் தடவை சொதப்பினேன். சிவப்பு ஒயினில் ஃபீனால்ஃப்தலீன் பிங்க் ஆவதை எப்படிப் பார்ப்பது? காரம் சேரச் சேர ஒயினே பச்சையும் சாம்பலுமாக நிறம் மாறுகிறது. அதனால் மீட்டரையே இண்டிகேட்டர் ஆக்கினேன். ஒயினைச் சூடாக்கி கார்பன் டை ஆக்சைடை விரட்டி, ஆறவைத்து, 5 மில்லி எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 8.2 வந்ததும் நிறுத்தினேன். ஆன செலவு 6 மில்லி. அதை 1.5-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 9 கிராம். ரெட் ஒயினுக்கு 6 முதல் 8 வரை இருந்தால் நல்லது. (டெஸ்ட் பண்ணினதைக் கொட்டிடுங்க, குடிக்காதீங்க.)

குறைக்க, உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட். லிட்டருக்கு 0.9 கிராம் போட்டால் அமிலம் சுமார் 1 கிராம் குறையும். சமையல் சோடா வேண்டாம், உப்புக் கரிக்கும். வினிகர் வாசனை வந்துவிட்ட ஒயினை இதெல்லாம் காப்பாற்றாது.

மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்ற பயம். அதனால் 9, 8, 7 என்று மூன்று டம்ளர் தயார் பண்ணி, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அடியில் கண்ணாடித்தூள் மாதிரி டார்டரேட் படிந்தது. பெயர் எழுதாமல் வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். சும்மா இருக்கட்டுமே என்று ஆச்சிக்கும்.

முதல் டம்ளரைக் குடித்துவிட்டு ஆச்சி சொன்னாங்க: "இது நாக்கப் பிடிச்சு இழுக்குல." மூன்றாவதற்கு, "இதுல ஒண்ணுமே இல்ல." நடுவில் இருந்ததை மட்டும் முழுசாகக் குடிச்சாங்க.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம்தான் படித்தேன். துவர்ப்பு என்பது பெரும்பாலும் சுவை இல்லை, தொடு உணர்வு. அமிலம் கூடினால் துவர்ப்பும் கூடும். ஆச்சிக்குப் போனது சுவை. தொடு உணர்வு அப்படியே இருந்திருக்கிறது.

நாலு லிட்டருக்கு 3.6 கிராம். அளந்தது நான், எந்த டம்ளர் என்று சொன்னது ஆச்சி. இந்தக் கிறிஸ்மஸுக்கு முருங்கை மரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உங்க வீட்டிலும் யாராவது "இனி நான் செய்யல" என்று சொல்லியிருந்தால், ஏன் என்று ஒருதரம் கேளுங்க. (ஹாஸ்டலில் மட்டும் ட்ரை பண்ணாதீங்க. வார்டனுக்கு மூக்கு நல்லா வேலை செய்யும்.)