எகிப்தில் நம்ம வீட்டு உறி

மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் எகிப்து பாடம் நடக்கிறது. வாத்தியார் நான், மாணவர்கள் தம்பியும் தங்கையும். ஆந்தை வரைந்தால் 'ம்', அலைக்கோடு போட்டால் 'ந்' என்று எகிப்தியர் எழுத்தைப் படித்தார்கள்.

அடுத்து, செங்கடல் கரைக் கதை. எகிப்தின் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓடு. வயது சுமார் 2,000 ஆண்டு. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறியிருப்பதை 2007-இல் ஐராவதம் மகாதேவன் விளக்கினார்.

"ஒறின்னா என்னண்ணே?" என்றாள் தங்கை. நான் வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "உறிதாம்ட்டி! பானையைத் தொங்க விடுதோம்லா, அதுதான்."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் அம்மா. எங்கே போனாலும் கைநாட்டுதான். அவளுக்குத் தெரிந்த சொல் கடல் தாண்டிப் போய்க் கிடக்கிறது! இப்போது திண்ணையில் மூன்றாவது மாணவி அம்மா. தன் பெயரை எழுதப் பழகுகிறாள்.

நண்பர்களே, நாம் படிப்பதை வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டு போவோமே!