ஏழு கிலோமீட்டரும் நாலு லிட்டர் தண்ணீரும்

 

மார்ச் கடைசியில் ஓர் ஏரிக்குப் போய், ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி வந்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

டெக்சாஸில் மகன் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் ஜார்ஜ்டவுன் ஏரி இருக்கிறது. சான் கேப்ரியல் ஆற்றின் வடக்குக் கிளையில் 1980 வாக்கில் அணை கட்டித் தேக்கியது. நம் வீராணம் சென்னைக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல, இது ஜார்ஜ்டவுன், ரவுண்ட் ராக் ஊர்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் நம் ஏரிபோல நீண்ட மண்கரையும் மதகும் வயலும் கிடையாது. சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது. அதைச் சுற்றி சுமார் 42 கி.மீ. ஒற்றையடிப் பாதை. 'குட்வாட்டர் லூப்' என்று பெயர். நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம்.

பாதை ஓரத்தில் சில இடங்களில் கூடாரம் போட்டுத் தங்கலாம். 'பிரிமிட்டிவ் கேம்பிங்' என்கிறார்கள். நாங்கள் தங்கிய இடத்துக்கு நடந்து போகலாம், இல்லையென்றால் படகில் போகலாம். கார் போகாது. குழாய் இல்லை, கரண்ட் இல்லை. கொண்டுபோகிற குப்பையையும் நாம்தான் திரும்பச் சுமந்து வரவேண்டும்.

மருமகள் முதலில் சம்மதிக்கவில்லை. "மாமா, உங்க முழங்காலுக்கு இது தேவையா?" என்றாள். பேரன்தான், "தாத்தா மெதுவா நடப்பார், என்ன அவசரம்?" என்று எனக்காகப் பேசினான். அவனுக்குப் பதினேழு வயது. அவன் சைக்கிளில் அணை வழியாக ஏரியைச் சுற்றி, எதிர்த்திசையில் முகாமுக்கு வருவது என்றும், நானும் மகனும் தெற்குக் கரை வழியாக ஏழு கிலோமீட்டர் அளவு நடப்பது என்றும் முடிவாயிற்று.

கிளம்பும்போது மகன் என் பையையும் சேர்த்துத் தூக்கப் போனான். கூடாரம், புளிசாதம், போர்வை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். நாலு லிட்டர் தண்ணீரை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்று முப்பத்து நாலு வருஷம் உங்களுக்குப் பாடம் நடத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த நாலு கிலோ தோளில் ஏறியதும் ஒவ்வொரு மடக்கையும் எண்ணித்தான் குடித்தேன். பக்கத்தில் ஏரி முழுக்கத் தண்ணீர்தான். வடிகட்டாமல், கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது.

பாதை முழுக்கக் கல். கைத்தடி இல்லாமல் முடியாது. இரண்டு பக்கமும் ஜூனிபர் மரம். கன்னம் மஞ்சளாக ஒரு சின்னக் குருவி இங்கே உண்டு. 'கோல்டன் சீக்ட் வார்ப்ளர்' என்பார்கள். குளிர்காலத்தில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் போய்விட்டு மார்ச்சில் திரும்பும். மத்திய டெக்சாஸைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாது. இந்த ஜூனிபர் பட்டையை நார் நாராக உரித்து, சிலந்தி வலையால் ஒட்டிக் கட்டும். மரம் முதிர்ந்தால்தான் பட்டை அப்படி உரியும். இளமரம் அதற்கு உதவாது. வயதானவர்கள் இதைக் கவனிக்கவும்!

எதிரே சைக்கிளில் வந்தவர்கள் எல்லோரும் நின்று, எனக்கு வழிவிட்டு, வணக்கம் சொல்லிப் போனார்கள். நடப்பவருக்குச் சைக்கிள்காரர் வழிவிடுவதுதான் இந்தப் பாதைகளின் முறை.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது பேரன் முப்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்து வந்து சேர்ந்தான்.

இரவு அவன் தூங்கிய பிறகு மகன் கேட்டான்: "அப்பா, இங்கேயே இருந்துடுங்களேன். அம்மா போனதிலிருந்து ராத்திரியில போன் அடிச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

உடனே எனக்குப் பேச்சு வரவில்லை. தூரத்தில் கயோட்டி ஊளையிட்டது. பிறகு சொன்னேன்: "காலையில என் பையை முழுக்க நீ எடுத்திருந்தா நான் வேகமா வந்திருப்பேன்டா. ஆனா உன் பின்னாடி சும்மா வந்தவனா இருந்திருப்பேன். என்னால தூக்க முடியற அளவுக்கு ஊர்ல எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. அதை நான் தூக்கறேன். முடியாதப்போ நானே சொல்றேன்."

அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் வருத்தம் எனக்குத் தெரியும். அவன் கேட்டதும் நியாயம்தான். தினமும் காலை ஆறு மணிக்கு நானே போன் செய்வது என்று பேசிக்கொண்டோம். முடியாத நாள் வந்தால் மறைக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் பேரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு ஏழு கிலோமீட்டரும் நடந்து வந்தான்.

மே முதல் வாரம் காட்டுமன்னார்கோவில் வந்துவிடுவேன். ஊரில் இருக்கும் பிள்ளைகளே, காலையில் ஆறு மணி போனை முடித்துவிட்டு ஏரிக்கரையில் நடப்பேன். வருகிறவர்கள் வாருங்கள். அவரவர் தண்ணீரை அவரவர் கொண்டு வரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்