ஆயிரம் பேரின் பள்ளிக்கூடமும் தம்பானையின் பேச்சும்

கியூபெக், கனடா

செத்-தீல் துறைமுகத்தில் ஏறினால், ரயில் அரை நாளுக்கு மேல் காட்டுக்குள் ஓடித்தான் ஷெஃபர்வில் போய்ச் சேரும். வெளியூருக்கு வீதி கிடையாது. பக்கத்திலுள்ள கவாவாச்சிகமாச்சில் நஸ்காபி மக்கள் வாழ்கிறார்கள். ஆயிரம் பேரளவில்தான் இருப்பார்கள். ஆனாலும் பிள்ளைகள் இன்றும் வீட்டில் தாய்மொழியே பேசுகிறார்கள். ஆரம்ப வகுப்புகளையும் அதிலேயே படிக்கிறார்கள்.

கரிபு மான் வேட்டையாடி அலைந்த இந்த மக்கள் 1956இல் இரும்புச் சுரங்க நகரமான ஷெஃபர்வில்லுக்கு வந்தார்கள். 1978இல் அரசுகளோடு ஒப்பந்தம் செய்தபோது நிலத்தோடு பள்ளிக்கூடத்தையும் கேட்டு வாங்கினார்கள். 1994இல் நஸ்காபி மொழி அகராதி வந்தது. மொழியைக் காப்பாற்றியது அந்தப் பள்ளிக்கூடம்தான்.

இதை வாசிக்கும் பதுளைக்காரருக்கு வேடர்கள் வாழும் தம்பானை நினைவுக்கு வர வேண்டும். மஹியங்கனைக்கு அப்பாலுள்ள அந்த ஊரும் பதுளை மாவட்டம்தான். அங்கே போகிறவரின் முன்கைகளை வேடர் பெரியவர் தம் இரு கைகளாலும் பற்றிக்கொள்வார். தோளில் கோடரி தொங்கும். 'ஹூரா' என்று விளிப்பார். நண்பனே என்று பொருள். இந்தப் பேச்சைக் கொச்சைச் சிங்களம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அநியாயம். சொற்களில் பெரும்பங்கு சிங்களம் என்பது உண்மையே. ஆனால் அடியில் ஒரு பழைய மொழியின் அமைப்பு கிடக்கிறது என்பதை சுகதபால டி சில்வா, கே. என். ஓ. தர்மதாச போன்ற ஆய்வாளர்கள் 1970களிலேயே எழுதிவிட்டார்கள்.

1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் வேட்டைக் காடு கைவிட்டுப் போனது. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றமான ஹேனானிகலவுக்குப் போயின. வேடர் தலைவர் திசஹாமி தம்பானையை விட்டு அசையவில்லை. 1998இல் அங்கேயே காலமானார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா. அரங்கில் தம் மக்களுக்காகப் பேசினார். காட்டைப் பற்றி உலகம் கேட்டது. மொழியைப் பற்றி யார் கேட்டார்கள்? தம்பானைப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது சிங்களத்தில். பழைய பேச்சு முதியவர்களிடமும், சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் நேரத்திலும் ஒதுங்கி நிற்கிறது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் எப்போதோ தமிழுக்கு மாறிவிட்டார்கள்.

பள்ளி ஒரு மொழிக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் தமிழ் வாயில் நிற்கிறதென்றால், தோட்டப் பாடசாலை எத்தனை குறையோடிருந்தாலும் தமிழில் நடந்ததும் ஒரு காரணம். 1948இல் குடியுரிமையே பறிபோன சமூகத்துக்கு அந்தத் தகரக் கூரைப் பள்ளியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தம்பானைக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் ஊவாத் தமிழர்கள்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தம்பானை முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் பேச்சை அது ஒலிப்பதிவு செய்யட்டும். மாகாணக் கல்வித் திணைக்களம் அந்தப் பேச்சைக் கற்பிக்க வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது தம்பானைப் பள்ளிக்குக் கொடுக்கட்டும். அந்த முதியவர்களையே ஆசிரியராக அமர்த்தட்டும். மலையக ஆசிரியர் சங்கங்களே, இந்தக் கோரிக்கையை உங்கள் கோரிக்கையாக எழுதி அனுப்புங்கள்.