இலை கூட்டாத ஊர்

“இம்புட்டுத் துணியையும் யாரு தொவைச்சது?”

மேசையில் பாதி முடிந்து கிடந்த படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். முட்டி வலிக்கு இங்கே மருத்துவம் பார்க்கலாம் என்று சுங்கை சிப்புட்டிலிருந்து புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு இரண்டு வாரம் அழைத்து வந்திருந்தேன். மேசையில் இருந்தது 1000 துண்டு ஜிக்சா. அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் வைசாக்கி வரைந்த பழங்காலச் சிற்றூர். வெள்ளை மரத் தேவாலயம், குதிரை வண்டி, சன்னலில் ஒரு பூனை, இலையுதிர்காலத்துச் சிவப்பு மரங்கள், கொடியில் வரிசையாகக் காயும் ஒட்டுத்துணிப் போர்வைகள். பத்து நாளாக அந்தப் படத்தோடுதான் என் இரவுகள் கழிந்தன. போர்வையின் ஒவ்வொரு கட்டமும் என்ன நிறம் என்று கேட்டால் சொல்வேன். ஆனால் அதை ஒருத்தர் துவைத்திருக்க வேண்டும் என்பது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

இந்தப் பழக்கம் 2020-இல் தொற்றியது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் பல்கலைக்கழக விடுதியில் மாட்டிக்கொண்டேன். இயந்திரப் பொறியியல், இறுதி ஆண்டு. எதிர் அறைச் சீன நண்பன் ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் ஒரு ஜிக்சா இருந்தது. அதுவும் இதே மாதிரி ஒரு சிற்றூர்தான். முதல் நாள் கேலியாகத் தொட்டேன். நான்காம் நாள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போக மறந்துவிட்டேன்.

ஜிக்சா அடுக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஓரத் துண்டுகள். பிறகு நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டுகளில் போடுவது. எழுத்து உள்ள இடம், அதாவது கடைப் பெயர்ப்பலகை, எப்போதும் சுலபம். வானம் கடைசி. வானத்தில் நிறம் உதவாது, துண்டின் வடிவத்தை மட்டும் நம்ப வேண்டும். பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் பல ஜிக்சாக்களில் 38-க்கு 27 என்று வரிசை இருக்கும். பெருக்கினால் 1026. ஓரத்தில் மட்டும் 126 துண்டுகள், உள்ளே சரியாக 900. இதை எண்ணிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது உலோகத் தகடுகளை அச்சில் அழுத்தி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அச்சைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதனால் ஜிக்சா எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு வீட்டுப்பாடம் மாதிரி. மெல்லிய எஃகுப் பட்டைகளை வளைத்து வளைத்து ஒரு பலகையில் பதிக்கிறார்கள். அதுதான் அச்சு. படம் ஒட்டிய அட்டையை அதன்மேல் வைத்து ஒரே அழுத்து. பட்டை மழுங்கினால் துண்டுகள் சரியாகப் பிரியாது, ஓரம் பிசிறடிக்கும். இப்படி ஓர் அச்சு செய்வதற்குச் செலவு அதிகம் என்பதால் ஒரே நிறுவனம் பல படங்களுக்கு ஒரே அச்சைப் பயன்படுத்துவது உண்டு. டிம் கிளைன் என்ற அமெரிக்கக் கலைஞர் இதைக் கண்டுகொண்டு, ஒரே அச்சில் வெட்டிய இரண்டு வெவ்வேறு ஜிக்சாக்களைக் கலந்து புதுப் படம் உண்டாக்குகிறார். ஒரு படத்தில் விட்ட இடத்தில் இன்னொரு படத்தின் துண்டு கச்சிதமாக உட்காரும்.

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், “பழைய காலத்து ஊரும்மா. அமெரிக்கா,” என்றேன்.

“நீ எப்பப் போன அங்க?”

போனதில்லை. பனி பார்த்ததில்லை. ரப்பர் மரம் இலை கொட்டுவதைத் தவிர வேறு இலையுதிர்காலம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படங்கள் முன்னால் உட்கார்ந்தால் தொண்டை அடைக்கிறது. ஏன் என்று தேடியபோது வைசாக்கியின் கதை கிடைத்தது. அவர் 1928-இல் கார்த் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டில் பிறந்தவர். விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். பிற்காலம் முழுக்க வாழ்ந்தது கலிஃபோர்னியாவில். 2002-இல் இறந்தார். அவர் வரைந்த குதிரை வண்டிக் காலம் அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த ஊர் அவருக்கும் சொந்தமில்லை.

ஜிக்சாவின் தொடக்கமே ஊர்களை வெட்டுவதில்தான் இருக்கிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க விற்றார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் அட்டை ஜிக்சா 25 காசுக்கு வாராவாரம் கடைகளில் வந்தது. வாங்க முடியாதவர்கள் இரவல் எடுத்தார்கள். வேலை போன மனிதன் ராத்திரி உட்கார்ந்து, ஒன்றும் உடையாத ஓர் ஊரைக் கட்டி முடித்திருக்கிறான். எனக்கு அவனைப் புரிகிறது.

என் மேசை இழுப்பறையில் ஓராண்டாக ஒரு படிவம் கிடந்தது.

அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். லாரி ஓட்டியவர். தோட்டத்திலிருந்து வெளியேறிய பிறகு அவரும் அம்மாவும் தவணை கட்டி வாங்கிய தாமான் வீடு அது. உயில் இல்லை. சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதியில் எனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. வீட்டை விற்றுவிட்டுக் கிள்ளானில் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்க்கலாம் என்று அம்மா சொன்னார். அதற்கு நாங்கள் இருவரும் எங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அக்கா அன்றே கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை. லீவு கிடைக்கவில்லை, அடையாள அட்டை நகல் எடுக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். ஒருமுறை அக்கா போனில் நேராகவே கேட்டார்: “ஒனக்குக் காசு வேணுமாடா?”

காசு இல்லை. ஊரில் ஒரு வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். தீபாவளிக்குக் கார் திரும்பும்போது வாசலில் ரம்புத்தான் மரம் நிற்க வேண்டும். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அம்மா மூன்றாம் நாள் மேசைக்கு வந்தார். இருபது ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தவர். போர்வைத் துண்டுகளை முழுவதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் வடிவம் பார்த்துத் தேடுவதை அவர் துணியின் போக்கைப் பார்த்து எடுத்தார். “கோடு இப்படி ஓடுதுல்ல, அப்ப இது மேல.” எனக்கு இரண்டு இரவு ஆகியிருக்கும். அம்மா ஒரு பகலில் முடித்துவிட்டார். நான் வேலை விட்டு வரும்போது கொடி முழுக்கப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்தது மரத்தடி. தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். நூறு துண்டுக்கு மேல் இருக்கும்.

“அழகா இருக்குல்லம்மா?”

“இருக்கு. யாரு கூட்டுறது?”

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே பேசினார்.

“அந்த ரம்புத்தான் தெனமும் கொட்டுது. காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. லோங்காங்ல அடைச்சுக்கிட்டா மழைத்தண்ணி வாசலுக்கு வருது. குனிஞ்சு அள்ள முடியலய்யா. ஒனக்கு அது மரம். எனக்கு அது குப்பை.”

கொஞ்ச நேரம் கழித்து, “வருசத்துல நாலு நாளு வர்றவனுக்கு வூடு நல்லாத்தான் இருக்கும்,” என்றார். கோபமாகக்கூட இல்லை. வானத்துக்கு ஒரு துண்டு தேடுகிற குரல்.

நான் அந்த ஊரை மறுபடி பார்த்தேன். எல்லாச் சன்னலும் துடைத்திருக்கிறது. எல்லா வேலியும் வெள்ளையடித்திருக்கிறது. அதைச் செய்து முதுகு வலித்த ஒருவரும் படத்தில் இல்லை. யாருக்கும் கடன் இல்லை, முட்டி வலி இல்லை. இதை ஓவியரின் குற்றமாகச் சொல்லவில்லை. சுவரில் மாட்ட அப்படி ஒரு படம் வேண்டியிருக்கிறது, எனக்கும் பிடிக்கிறது. நான் செய்த தவறு வேறு. ஒரே அச்சில் வெட்டிய இரண்டு படங்களை நான் கலந்துவிட்டேன். சுங்கை சிப்புட் துண்டுகளை எடுத்து அந்த ஊரில் பொருத்திக்கொண்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததாலேயே சரி என்று நினைத்தேன். அந்தப் படம் கலையாமல் இருக்க 61 வயதில் ஒருத்தர் காலையும் மாலையும் குனிய வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வானமும் முடிந்தது. அம்மா முழுப் படத்தையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சிலர் பசை பூசிச் சட்டம் போடுவார்கள். நான் கலைத்துப் பெட்டியில் போடுகிறவன்.

“இவ்ளோ பாடுபட்டுச் சேத்துட்டுக் கலைக்கிறியே, மனசு கேக்குதா?”

“கலைச்சாத்தானம்மா மேசை காலியாகும்.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓரத் துண்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டினார், அடுத்த முறைக்கு வசதியாக. அன்று இரவு இழுப்பறையைத் திறந்தேன்.

நில அலுவலக விசாரணை சில மாதம் கழித்து வந்தது. அதிகாரி எங்கள் மூவரின் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு, உன் பங்கை அம்மாவுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று மலாயில் கேட்டார். சம்மதம் என்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து மூவரும் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்தோம். அக்கா என் தட்டிலிருந்த வடையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். பேச்சுவார்த்தை திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

வீடு இன்னும் விலை போகவில்லை. பார்க்க வந்த ஒருவர் ரம்புத்தான் மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யப்போவதாகச் சொன்னாராம். எனக்கு வலிக்கத்தான் செய்தது. அம்மா அதை நல்ல யோசனை என்கிறார்.

போன வாரம் போனில் பேசும்போது, கிள்ளானுக்கு வருகையில் இன்னொரு பெட்டி வாங்கி வரச் சொன்னார்.

“எந்த மாதிரிம்மா?”

“எதுவானாலும் சரி. மரம் மட்டும் கம்மியா பாரு.”