ஜெய்ப்பூரில் அரை நாள்

ஜெய்ப்பூர், டிசம்பர் 25

காலை 8 மணி. நேற்றிரவு பேசி முடித்திருந்த ஏற்பாட்டின்படி, ஒரு வண்டியும் அதன் ஓட்டுநரும், அரசாங்க அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த வழிகாட்டி ஒருவரும் விடுதி வாசலில் காத்திருந்தார்கள். பகல் ஒரு மணிவரை இவர்கள் எனக்கு மட்டுமே உரியவர்கள் என்பது ஒப்பந்தம். மஃப்ளரைக் காதை மூடிச் சுற்றியிருந்த வழிகாட்டி, ஆம்பேர்க் கோட்டை, ஜல் மஹால், ஹவா மஹால், அரண்மனை, ஜந்தர் மந்தர், ஆல்பர்ட் ஹால் என்று நிகழ்ச்சி நிரலை ஒரே மூச்சில் ஒப்பித்தார். ஐந்து மணி நேரத்தில் இத்தனையையும் சுற்றிவந்தால் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமேயன்றிப் பார்க்க முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆகவே மதிலுக்குள் இருக்கும் நகரத்தோடு நின்றுகொள்வோம் என்றேன். "ஆம்பேர் பார்க்காமலா சாஹிப்?" என்று கேட்டவரின் குரலில், காசிக்குப் போய்க் கங்கையில் மூழ்காமல் திரும்புகிறவனிடம் காட்டத்தக்க அனுதாபம் இருந்தது.

ஆம்பேரை வேண்டாமென்று முதலில் விட்டவன் நானல்ல. அதை ஆண்ட ஸவாய் ஜெய்சிங் மகாராஜாவேதான். பதினோரு வயதில் பட்டத்துக்கு வந்து, ஔரங்கசீப்பின் இறுதிக் காலத்தையும் அதற்குப் பிந்திய குழப்பங்களையும் கடந்து நின்ற அந்த மன்னர், மலையிடுக்கில் நெருங்கிக் கிடந்த பழைய தலைநகரம் பெருகிவரும் ஜனங்களுக்கும் வியாபாரத்துக்கும் போதாதென்று கண்டு, 1727 நவம்பர் 18-ஆம் தேதி சமவெளியில் புதிய நகரத்துக்கு அஸ்திவாரம் இட்டார். வித்யாதர் பட்டாசார்யா என்ற வங்காளியின் துணையோடு நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, வீதிகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும்படி அமைத்து, கடைகளின் முகப்பு இன்ன விதமாக இருக்க வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே நிச்சயித்துவிட்டு, அதன் பிறகே குடிகளை அழைத்தார். ஊர் பிறந்த பின் வரைபடம் போடும் நம் காலத்து வழக்கத்தை நினைத்துக்கொண்டே திரிபோலியா பஜாரின் நேர்கோட்டை வண்டியிலிருந்து பார்த்தேன். கட்டடங்களின் இந்த இளஞ்சிவப்பு வண்ணம் மட்டும் அவருடையதன்று. 1876-இல் இங்கிலாந்தின் இளவரசர் வருகைக்காக ராம்சிங் மகாராஜா பூசச் செய்தது.

ஹவா மஹாலுக்கு முன் சில நிமிஷங்களே நின்றோம். கிழக்கு நோக்கிய முகப்பாதலால் காலை வெயிலில்தான் அது அழகு. 1799-இல் பிரதாப்சிங் கட்டுவித்தது, 953 சாளரங்கள். நாம் வீதியிலிருந்து அண்ணாந்து பார்ப்பது கட்டடத்தின் முதுகுப்புறத்தை என்பதையும், வாசல் மறுபக்கத்தில் இருப்பதையும் எதிர்ச்சாரி மாடிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் எத்தனை பேர் அறிவார்களோ!

9-45. அரண்மனையில் இரண்டு வெள்ளிக் கொப்பரைகள். ஒவ்வொன்றும் 345 கிலோ எடை, ஓர் ஆள் உயரம். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காகக் கடல் கடக்க நேர்ந்த மாதோசிங் மகாராஜா, சீமைத் தண்ணீரைத் தொடுவதற்கு மனமில்லாமல் இவற்றில் கங்கா ஜலத்தை நிரப்பி லண்டன்வரை எடுத்துச் சென்றார். சிரித்துவிட்டு நகர இருந்த என்னை வழிகாட்டி தடுத்து நிறுத்தி, பாழ்பட்டுக் கிடந்த ஜந்தர் மந்தர் யந்திரசாலையை 1901-இல் ஜீர்ணோத்தாரணம் செய்வித்தவரும் இதே மாதோசிங்தான் என்றார். காரெட் என்ற ஆங்கிலப் பொறியாளரும், பிற்காலத்தில் ஹிந்திச் சிறுகதையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற சந்திரதர் சர்மா குலேரியும் சேர்ந்து செய்த திருப்பணி அது.

10-45. ஜந்தர் மந்தர். மீதி நேரம் முழுவதையும் இங்கேயே கழிப்பதென்று தீர்மானித்துவிட்டேன்.

பித்தளையால் செய்த கருவிகள் சிறியவை. அச்சுத் தேய்ந்தும் நடுமையம் பிசகியும் கணக்கைக் கெடுப்பவை. எனவே அசையாத கல்லிலும் சுண்ணாம்பிலும் பிரம்மாண்டமான யந்திரங்களை எழுப்பினால் வானத்தைப் பிழையறத் திட்டம் செய்யலாம் என்பது ஜெய்சிங்கின் சித்தாந்தம். டில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா என்று ஐந்து இடங்களில் அவர் யந்திரசாலைகள் நிர்மாணித்தார். இவற்றுள் மதுராவில் இருந்தது அழிந்துபோயிற்று. ஸமர்கந்தில் உலுக் பேக் மன்னர் செய்த வான ஆராய்ச்சியைப் படித்தறிந்து, போர்த்துகல்லுக்குப் பாதிரியார் ஒருவரின் தலைமையில் தூது அனுப்பி ஐரோப்பிய வான நூல்களைத் தருவித்து, ஜகந்நாத ஸம்ராட் என்ற பண்டிதரைக் கொண்டு யூக்ளிடை ஸம்ஸ்கிருதமாக்கி, முடிவில் தம் அட்டவணைகளுக்கு முகலாய பாதுஷா முகம்மது ஷாவின் பெயரைச் சூட்டிய அந்த மனிதருக்கு, ஞானம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ராசி வலயத்தில் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு சிறு யந்திரங்கள். வருகிறவர்களெல்லாம் அவரவர் ராசிக்கு முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். வழிகாட்டி என்னையும் நிற்கச் சொன்னார். ஜோசியத்துக்காக அல்ல, அந்தந்த ராசியின் தொடக்கம் உச்சிக்கோட்டைக் கடக்கும் தருணத்தில் கிரகங்களின் நிலையை அளப்பதற்காகவே இவை ஏற்பட்டன என்று நான் வாதிக்க, அளந்தது எதற்காம் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். பஞ்சாங்கமும் முகூர்த்தமும் இல்லாவிட்டால் இத்தனை பொருளை எந்த ராஜா செலவிடுவான்? இன்றைக்கும் ஆஷாட பௌர்ணமியன்று மாலையில் ஜோசியர்கள் இங்கே கூடி, காற்றின் திசையைக் கொடி கொண்டு சோதித்து, மழையைப் பற்றிப் பலன் சொல்கிறார்கள்.

நிழற்கடிகாரமான பெரிய ஸம்ராட் யந்திரத்தின் உயரம் 27 மீட்டர். படிக்கட்டாக வானத்தை நோக்கி ஏறும் அதன் சாய்ந்த விளிம்பு, பூமியின் அச்சுக்கு இணையாகத் துருவத்தைக் குறிவைத்து நிற்கிறது. சாய்வின் கோணம் 27 பாகை, அதுவே ஜெய்ப்பூரின் அட்சாம்சம். முற்பகலில் மேற்குப் பக்கத்துக் கால்வட்டத்திலும் பிற்பகலில் கிழக்குப் பக்கத்துக் கால்வட்டத்திலும் விழும் நிழல், நிமிஷத்துக்கு ஆறு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக நகர்கிறது. காலம் நகர்வதைக் கண்ணால் பார்ப்பதென்றால் இதுதான். பளிங்கில் இரண்டு விநாடிவரை கோடு கீறியிருக்கிறார்கள். ஆனால் குனிந்து பார்த்தபோது நிழலுக்கு விளிம்பே இல்லை! சூரியன் புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகையால் யந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மங்கிக் கலங்கிப்போகிறது. இரண்டு நிமிஷத்துக்கு மேற்பட்ட அகலத்தில் கலங்கிக் கிடக்கும் அந்த ஓரத்திலிருந்து இரண்டு விநாடியை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டேன். வழிகாட்டி தம் மஃப்ளரிலிருந்து ஒரு நூலை உருவி, பளிங்கை ஒட்டினாற்போல இழுத்துப் பிடித்தார். நூலின் மெல்லிய நிழல் கூர்மையாக விழுந்தது. அதை மெள்ள நகர்த்தினால் பெரிய நிழலின் ஓரத்தில் ஓரிடத்தில் அது கரைந்து மறைகிறது. மறையும் இடத்தைக் குறித்துக்கொள்வதே பழையவர்களின் உபாயம். இந்த ஒரு செயலுக்காகவே அவர் கேட்ட கூலியை மறுபேச்சின்றிக் கொடுக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டத்தில் பலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யந்திரம் தவறாகக் காட்டுகிறதென்று சொல்லிக்கொண்டு போனார்கள். நாம் கட்டியிருக்கும் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்காம்சத்தின் நேரத்தைச் சொல்கிறது. ஜெய்ப்பூரோ அதற்கு மேற்கே ஏறக்குறைய ஏழு பாகை தள்ளியிருப்பதால் இங்கே சூரியன் 27 நிமிஷம் பிந்தியே உச்சிக்கு வருகிறான். பூமியின் ஓட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வால் பெரும்பாலான நாட்களில் இன்னொரு திருத்தமும் வேண்டும். டிசம்பர் 25-இல் அது சூன்யத்தை ஒட்டியிருக்கும். கடிகாரத்தில் 12-27 ஆனபோது மேற்குக் கால்வட்டத்தில் நிழல் முற்றும் ஒழிந்தது.

பகல் 1-15. திரும்பும் வழியில் ஓட்டுநர், கைத்தறி அச்சுச் சேலைகள் நேரே தயாராகும் இடம் ஒன்றைக் காட்டுவதாகவும், வாங்க வேண்டிய அவசியமில்லை, "பாஞ்ச் மினிட்" பார்த்தால் போதும் என்றும் சொன்னார். வேண்டாமென்றேன், அவருக்குக் கிடைக்கவேண்டிய கமிஷனுக்கு ஈடாகக் கையில் சிறிது அதிகம் கொடுத்தேன்.

ஜெய்ப்பூருக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில்லை என்று வண்டி ஏறுமுன்பே பேசிவிடுங்கள், மேகமில்லாத நாளாகப் பாருங்கள், இங்கே உச்சிப்பொழுது ஆண்டு முழுவதும் 12-10-க்கும் 12-41-க்கும் இடையில்தான் வருகிறது, ஆகையால் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தவுடன் ஸம்ராட் யந்திரத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.